கல்யாணச் சமையல் நகைச்சுவைக் கதை: ஒருவரி குழப்புகிறது என்கிறார்கள், எங்கே என்று சொல்லுங்கள்

சாலிகிராமத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். 6 வருடமாக உதவி இயக்குநராக இருக்கிறேன். போன வருடம் முழுக்க உட்கார்ந்து ஒரு நகைச்சுவைத் திரைக்கதையை எழுதி முடித்தேன். 94 சீன், பைண்ட் பண்ணி வைத்திருக்கிறேன். எழுதும்போது எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. ஆனால் போன வாரம் வளசரவாக்கத்தில் ஒரு தயாரிப்பு அலுவலகத்துக்குக் கதை சொல்லப் போனபோது, "முதலில் ஒரு வரியில் சொல்லுங்கள்" என்றார்கள். சொன்னேன். "இது யாருடைய கதை?" என்று கேட்டார் எதிரில் இருந்தவர். மறுபடி சொன்னேன். இரண்டாவது தடவை வேறு மாதிரி வந்துவிட்டது. "அப்பா கதையா, பொண்ணு கதையா, முடிவு பண்ணிட்டு வாங்க தம்பி" என்று அனுப்பிவிட்டார். எனக்குச் சொன்ன டீ வருவதற்குள் நான் கீழே இறங்கிவிட்டேன். அன்று இரவு முழுக்கத் தூக்கம் வரவில்லை.

இப்போது இன்னொரு இடத்தில் மின்னஞ்சலில் லாக்லைன், அதாவது கதையின் ஒருவரி, மட்டும் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். அது பிடித்தால்தான் நேரில் கூப்பிடுவார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அனுப்ப வேண்டும். நான் எழுதி வைத்திருப்பது இதுதான்:

"மேற்கு மாம்பலத்தில் 30 வருடமாகக் கல்யாணச் சமையல் செய்யும் ராமசேஷன், மகள் காதலிக்கும் பையனின் அப்பா தன்னிடம் வேலை பார்த்துச் சண்டை போட்டுப் பிரிந்துபோன பழைய உதவியாளர் என்று தெரியாமல் கல்யாணத்துக்குச் சம்மதித்து, காய்ச்சலுக்குப் பிறகு நாக்கில் ருசி தெரியாமல் போக, மச்சான் சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓட, வாஸ்து சரியில்லை என்று மண்டபத்தின் சமையல்கட்டையே மாற்றச் சொல்ல, ஒரு கல்யாணத்துக்குள் இன்னொரு கல்யாணம் நடந்து, யார் சம்பந்தி, யார் சமையல்காரர் என்றே தெரியாத அளவுக்குப் போகும் கலகலப்பான குடும்பச் சித்திரம்."

எங்கே குழப்புகிறது என்று தயங்காமல் சொல்லுங்கள். எனக்கு இந்தக் கதை முக்கியம்.

பழைய டிஸ்கஷன்:

தம்பி, மூன்று முறை படித்தேன். கோடம்பாக்கத்தில் ஒன்லைன் என்ற சொல்லுக்கு இரண்டு அர்த்தம் உண்டு, அது உங்களுக்கும் தெரியும். ஒன்று, கதையை ஒரு வரியில் சொல்வது. மற்றொன்று, முதல் சீனிலிருந்து கடைசி சீன் வரைக்கும் சீனுக்கு ஒரு வரி எழுதி வைக்கும் சீன் ஆர்டர். உங்களிடம் கேட்டது முதலாவது. நீங்கள் கொடுத்திருப்பது இரண்டாவதை இறுக்கிக் கட்டிய மூட்டை. 94 சீனும் அதற்குள் இருக்க இடம் தேடுகின்றன.

எண்ணிப் பார்த்தேன். மாஸ்டர், மகள், பையன், பையனின் அப்பா, மச்சான் என்று ஐந்து பேர். பகை, ருசி, சீட்டுப் பணம், வாஸ்து, இரட்டைக் கல்யாணம் என்று ஐந்து சிக்கல். கேட்பவர் மனதில் ஒரே நேரத்தில் இரண்டு பேர், ஒரு சிக்கல்தான் நிற்கும். மூன்றாவது ஆள் வந்ததும் முதல் ஆளை மறந்துவிடுவார். "யாருடைய கதை" என்று அவர் கேட்டது உங்களைத் தட்டிக்கழிக்க இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டிருக்கிறார்.

ஒரு எடுத்துக்காட்டு சொல்கிறேன். 1981ல் பாலசந்தர் இயக்கிய 'தில்லு முல்லு'. மீசை இல்லாதவனை நம்பாத முதலாளியிடம் வேலையைக் காப்பாற்றிக்கொள்ள, மீசையில்லாத இரட்டைத் தம்பி தனக்கு இருப்பதாகப் பொய் சொல்லும் இளைஞன், இரண்டு பேராகவும் நடிக்கிறான். அவ்வளவுதான். அந்தப் படத்தில் காதல் இருக்கிறது, அம்மா வேஷம் கட்ட ஒருவரைக் கூட்டிவருவது இருக்கிறது. எதுவும் இந்த வரிக்குள் இல்லை. ஆனால் இந்த வரியைக் கேட்டவுடனேயே, "அப்போ ஒரே நேரத்தில் ரெண்டு பேரையும் வரச் சொன்னா என்ன பண்ணுவான்?" என்று கேட்கத் தோன்றுகிறது, பாருங்கள். கேட்டவர் அடுத்த சீனைத் தானே யோசிக்க ஆரம்பித்தால் ஒருவரி நின்றுவிட்டது. 30 வருடம் கதை டிஸ்கஷனில் உட்கார்ந்து நான் நம்புகிற ஒரே சோதனை அதுதான்.

கடைசியில் இருக்கும் "கலகலப்பான குடும்பச் சித்திரம்" என்பதை எடுத்துவிடுங்கள். அது போஸ்டரில் போடுவது. சிரிப்பு வரும் என்று நாம் சொல்லக் கூடாது, அவருக்கு வர வேண்டும்.

ஆறாவது வரிசை:

நான் சினிமாக்காரன் இல்லை, படம் பார்க்கிறவன். எனக்கு அந்த வரியில் ஒரே ஓர் இடம்தான் பிடித்தது: சமையல்காரருக்கு நாக்கில் ருசி போய்விடுகிறது. அங்கே சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ஆனால் நீங்கள் அதைச் சீட்டுப் பணத்துக்கும் வாஸ்துவுக்கும் நடுவில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள்.

மெய்ப்புக்காரர்:

பதிப்பகத்தில் மெய்ப்புத் திருத்துவது என் வேலை. கதையைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் வாக்கியத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் குழப்பத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

தமிழில் வினை கடைசியில் வரும். "சம்மதித்து", "நடந்து" போன்ற எச்சங்களை அடுக்கிக்கொண்டே போகலாம், ஆனால் அவற்றைச் செய்தவரும் கடைசி வினையைச் செய்தவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டும். "அவன் வந்து சாப்பிட்டான்" என்றால் வந்தவனும் சாப்பிட்டவனும் ஒருவன்தான். "போக", "ஓட", "சொல்ல" என்பவை வேறு ரகம். அதில் ஆள் மாறலாம். "மழை பெய்ய, பயிர் வளர்ந்தது" என்கிறோம். உங்கள் வரியில் சம்மதித்தது ராமசேஷன், போனது ருசி, ஓடியது மச்சான், மாற்றச் சொன்னது யாரென்றே இல்லை, நடந்தது கல்யாணம். ஒவ்வொரு காற்புள்ளியிலும் வண்டி ஓட்டுபவர் மாறுகிறார். "தன்னிடம்" என்று ஒரு சொல் இருக்கிறதே, அது மகளையா, பையனின் அப்பாவையா, ராமசேஷனையா யாரைக் குறிக்கிறது என்று நான் நின்று யோசிக்க வேண்டியிருந்தது.

இதைவிட முக்கியமானது ஒன்று. "ராமசேஷன்" என்று எழுவாயோடு ஆரம்பிக்கிறீர்கள். வாக்கியம் "சித்திரம்" என்ற பெயர்ச்சொல்லில் போய் முடிகிறது. அந்த எழுவாய்க்குக் கடைசி வரை ஒரு முற்றுவினை கிடைக்கவே இல்லை. உங்கள் நாயகர் இந்த வாக்கியத்தில் எதையும் செய்யவில்லை, அவருக்கு எல்லாம் நடக்கிறது. திரைக்கதையில் அவர் என்ன செய்கிறார்? அந்த வினையைக் கண்டுபிடித்து வாக்கியத்தின் கடைசியில் வையுங்கள்.

சாலிகிராமத்தான்:

மெய்ப்புக்காரர் சார், இதை இதுவரை யாருமே எனக்குச் சொன்னதில்லை. மிக்க நன்றி. நேற்று இரவு எல்லாவற்றையும் வெட்டி இப்படி எழுதிப் பார்த்தேன்:

"ருசி அறியும் திறனை இழந்த ஒரு கல்யாணச் சமையல்காரர், தன் வாழ்க்கையின் மிகப் பெரிய விருந்தைச் சமைக்கப் போராடுகிறார்."

சுத்தமாக இருக்கிறதா?

ஆறாவது வரிசை:

சுத்தமாக இருக்கிறது. ஆனால் சிரிப்பு போய்விட்டது. அழுகைப் படம் மாதிரி இருக்கிறது.

பழைய டிஸ்கஷன்:

ஆமாம் தம்பி, இப்போது எதிர்ப்பக்கம் சாய்ந்துவிட்டீர்கள். "மிகப் பெரிய விருந்து" என்றால் என்ன விருந்து? "போராடுகிறார்" என்றால் என்ன செய்கிறார்? இந்த வரியை வைத்து நாலு பேர் நாலு படம் எடுக்கலாம், ஒன்றுகூட உங்கள் படமாக இருக்காது. பெயரை எடுத்தது சரி. ஒருவரியில் ராமசேஷன் யாரென்று யாருக்கும் தெரியாது, "கல்யாணச் சமையல் மாஸ்டர்" என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆனால் பெயரோடு சேர்த்துச் சம்பந்தியையும் எடுத்துவிட்டீர்கள். அவர் வேண்டும்.

நாடகக்காரி:

தம்பி, நான் மயிலாப்பூர் சபாக்களில் நகைச்சுவை நாடகம் எழுதுகிறவள். மேடையில் எங்களுக்கு குளோசப் கிடையாது, கட் கிடையாது. ஆகவே சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்று முதலிலேயே தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும். வசன ஜோக்கை ஒரு பக்கத்துக்கு நாலு எழுதிவிடலாம். ஆனால் இரண்டு மணி நேரம் உட்கார வைப்பது ரகசியம்தான். யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியக் கூடாது. கதவுக்கு இந்தப் பக்கம் நிற்பவருக்கு ஒன்று தெரியும், அந்தப் பக்கம் நிற்பவருக்குத் தெரியாது, பார்வையாளருக்கு இரண்டும் தெரியும். அவ்வளவுதான் எங்கள் மூலதனம்.

எனவே உங்களிடம் ஒரே கேள்வி: ருசி போனது யாருக்குத் தெரியக் கூடாது? அதற்குப் பதில் கிடைத்தால் உங்கள் ஒருவரிக்கு வினையும் கிடைத்துவிடும்.

மச்சானும் சீட்டுப் பணமும் எனக்கு டிராக் மாதிரித் தெரிகிறது, அதாவது கதையோடு ஒட்டாமல் தனியாக ஓடும் காமெடிப் பகுதி. டிராக் தப்பில்லை. என்.எஸ்.கிருஷ்ணன் காலத்திலிருந்து நம் ஊரில் அது ஒரு கலை, அவர் தன் பகுதியைத் தானே தயாரித்துக்கொண்டு வந்து படத்தோடு சேர்ப்பார். ஆனால் டிராக்கைப் பிரித்தெடுத்தாலும் கதை நடக்கும், இல்லையா? பிரித்தெடுத்தால் நடக்கிற எதையும் ஒருவரியில் வைக்காதீர்கள்.

இன்னொன்று, பதில் சொல்ல விருப்பம் இருந்தால் சொல்லுங்கள். இந்தக் கதையை ஏன் எழுத ஆரம்பித்தீர்கள்? முக்கியம் என்று முதலிலேயே எழுதியிருந்தீர்கள்.

பந்தி விசாரிப்பு:

இங்கே எழுதலாமா என்று யோசித்தேன், ஆனால் இது என் தொழில். 22 வருடமாகக் கல்யாணச் சமையல் கான்ட்ராக்டில் இருக்கிறேன், நங்கநல்லூர், மாம்பலம், திருவல்லிக்கேணி எல்லா மண்டபமும் தெரியும். ஒரு விஷயம் இடிக்கிறது.

நல்ல மாஸ்டர் ருசி பார்க்கவே மாட்டார். கோயில் மடப்பள்ளியில் நைவேத்தியத்துக்கு முன்னால் வாயில் வைப்பது கிடையாது, அந்தப் பழக்கத்தில் வந்தவர்கள் கல்யாண வீட்டிலும் அப்படித்தான். உப்பு கைக்கணக்கு. புளி கரைத்த தண்ணீரின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். மற்றதெல்லாம் மூக்குதான். சாம்பார் கொதிக்கும்போது எங்கள் மாஸ்டர் அண்டாவுக்குப் பக்கத்தில்கூட நிற்க மாட்டார். நாலடி தள்ளிக் காய்கறி நறுக்குகிறவர்களோடு பேசிக்கொண்டிருப்பார். திடீரென்று திரும்பி, "பொடி போட்டு எவ்வளவு நேரமாச்சு, இன்னும் பச்சை வாசனை போகலியே" என்பார். அங்கிருந்தே தெரியும் அவருக்கு. ரசம் கொதிக்கக் கூடாது, நுரை கூடி மேலே வந்ததும் இறக்க வேண்டும். ஐந்து அடுப்பு எரியும் இடத்தில் அதையும் மூக்கால் பிடிப்பார். மைசூர்பாகுக்குக் கடலைமாவு நெய்யில் வெந்துவிட்டதா என்பதும் வாசனைதான்.

நம் சமையல் குறிப்பு எதை எடுத்தாலும் "பச்சை வாசனை போகும் வரை" என்று ஒரு வரி இருக்கும். அது எப்போது போகிறது என்று தெரியாதவர் எப்படிச் சமைப்பார்? ஆகவே உங்கள் மாஸ்டருக்கு நாக்கு போனால் பெரிய பிரச்சினை இல்லை. மூக்கு போனால் முடிந்தது.

மெய்ப்புக்காரர்:

அருமை. அறிவியலும் அதைத்தான் சொல்கிறது. நாக்குக்குத் தெரிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, அப்புறம் உமாமி என்கிற சுவை. காரம்கூடச் சுவை இல்லை, அது எரிச்சல். நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பகுதி வாசனைதான். மூக்கடைத்த ஜலதோஷத்தில் எதுவும் பிடிக்காமல் போவது அதனால்தான். காய்ச்சலுக்குப் பிறகு ருசி போய்விட்டது என்று சொன்ன பலருக்கும் உண்மையில் போனது வாசனை.

சாலிகிராமத்தான்:

பந்தி விசாரிப்பு அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அக்கா கேட்டதற்கும் சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

என் அப்பா கல்யாணச் சமையல் மாஸ்டர். 2021ல் கொரோனா இரண்டாவது அலையின்போது அவருக்குக் காய்ச்சல் வந்தது. பத்து நாளில் எழுந்துவிட்டார். கல்யாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாது என்று இருந்த நேரம், வேலையே இல்லை. அப்புறம் ஒரு சின்ன ஆர்டர் வந்தது. ஆள் பற்றாக்குறை என்று நானும் கூடப் போனேன். சாம்பார் அடுப்பில். அப்பா கரண்டியைப் பிடித்துக் கிளறிக்கொண்டிருக்கிறார். நான் வாழையிலைக் கட்டைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் போனேன். அடிப்பிடித்த வாசனை எனக்கு வந்துவிட்டது. அப்பா கிளறிக்கொண்டே இருக்கிறார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று நினைத்தேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார். கை நின்றது. ஒரு வார்த்தை பேசாமல் இன்னொரு அண்டாவை இழுத்து, அடியைச் சுரண்டாமல் மேலாக மாற்றினார். அன்று யாருக்கும் தெரியவில்லை.

அதற்கப்புறம் இரண்டு மாதம் எல்லா ஆர்டருக்கும் என்னைக் கூட்டிப்போனார். ஏன் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பேன், அவ்வப்போது என் முகத்தைப் பார்ப்பார். வாசனை மெதுவாகத் திரும்பி வந்தது. பெருங்காயம் மட்டும் இன்னும் சரியாகத் தெரியவில்லை என்கிறார். கூட இருந்த ஆட்கள் ஒருவருக்கும் இன்றுவரை தெரியாது.

திரைக்கதையில் நாக்கு என்று மாற்றியது நான்தான். திரையில் வாசனையைக் காட்ட முடியாது, நாக்கு என்றால் எளிதாகப் புரியும் என்று நினைத்தேன். அப்பா கதை என்று தெரியக் கூடாது என்றும் நினைத்தேன்.

நாடகக்காரி:

தம்பி, உங்கள் 94 சீனில் இந்த முகம் பார்க்கும் சீன் இருக்கிறதா?

சாலிகிராமத்தான்:

இல்லை அக்கா.

நாடகக்காரி:

அதை எழுதுங்கள். வாசனையைக் காட்ட முடியாது என்றீர்கள், உங்கள் அப்பா வழி காட்டிவிட்டார். கேமரா முகத்தைக் காட்டினால் போதும்.

கடற்கரை ரயில்:

எனக்கு ஒரு மாற்றுக் கருத்து. 2020ல் எனக்கு வாசனை போனது. எட்டு மாதம். சிரிக்கிற விஷயம் இல்லை இது. எரிவாயுவுக்கு வாசனை கிடையாது, கசிந்தால் தெரிய வேண்டும் என்றுதான் மெர்காப்டான் என்ற நாற்றப் பொருளைக் கலக்கிறார்கள். ஒரு நாள் அடுப்பு அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருந்தது. நான் அதே அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டம்மா ஓடி வந்து திருகைத் திருப்பினார். அன்றைக்கு அவர் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்னும் யோசிப்பேன். என் மகள் குழந்தை பெற்று வந்தபோது அந்தக் குழந்தையின் தலையை முகர்ந்து பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. இதை வைத்து நகைச்சுவைப் படம் என்றால் எனக்கு மனது வரவில்லை. ஒருவருடைய குறையைக் காட்டிச் சிரிக்க வைக்கும் பழக்கம் நம் சினிமாவில் ஏற்கெனவே அதிகம்.

நாடகக்காரி:

ஐயா, நீங்கள் சொன்னதை மதிக்கிறேன், அந்தக் குழந்தை விஷயம் மனதை என்னவோ செய்துவிட்டது. குறையைக் காட்டிச் சிரிக்க வைப்பது எனக்கும் உடன்பாடில்லை. அப்படி எழுதச் சொல்லி வந்த இரண்டு நாடகங்களை வேண்டாம் என்றிருக்கிறேன். ஆனால் இங்கே சிரிப்பு வர வேண்டியது வாசனை தெரியாததில் இல்லை. அதை மறைக்க அவர் செய்யும் ஏற்பாடுகளில். கௌரவம் பார்க்கிற ஒரு பெரிய மனிதர், ஒரு சின்ன உண்மையைச் சொல்ல மனம் வராமல் எவ்வளவு பெரிய வேலையெல்லாம் இழுத்துவிட்டுக்கொள்கிறார் என்பதில். அந்த மனிதரை நமக்குப் பிடித்திருந்தால்தான் அது வேலை செய்யும்.

கடற்கரை ரயில்:

சரி. அப்படியானால் ஒருவரியில் "இழந்த" என்று போடாமல் "மறைக்கும்" என்று எழுதட்டும். இழந்தவர் என்றால் பரிதாபம். மறைப்பவர் என்றால் மனிதர். எட்டு மாதம் நானும் மறைத்தேன், வீட்டில் எல்லாக் குழம்பையும் நன்றாக இருக்கிறது என்று சொன்னேன். கேஸ் விஷயத்தை மட்டும் ஜோக்காக வைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சாலிகிராமத்தான்:

வைக்க மாட்டேன் ஐயா. "மறைக்கும்" என்ற சொல்லுக்கு நன்றி. மெய்ப்புக்காரர் சார் தேடச் சொன்ன வினையில் பாதி அதுதான் என்று நினைக்கிறேன். மீதிப் பாதி சம்பந்தியிடம் இருக்கிறது. கதையில் அந்தப் பழைய உதவியாளர் மாஸ்டரிடம் தொழில் கற்ற சீடர், 15 வருடம் முன்பு ஒரு பந்தியில் ஏற்பட்ட சண்டையில் போய்விட்டார். மாஸ்டரின் மூக்கு மாதிரியே மூக்கு உள்ள ஒரே ஆள் அவர். இப்போது அவர் மாப்பிள்ளையின் அப்பா. மகள் கல்யாணத்துக்குத் தானே சமைப்பதாக மாஸ்டர் வாக்குக் கொடுத்திருக்கிறார். இப்படி எழுதினேன்:

"மூக்கில் வாசனை போனதை மறைக்கும் கல்யாணச் சமையல் மாஸ்டர், மகள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளையின் அப்பாவான தன் பழைய சீடரின் உதவியை நாடுகிறார்."

பந்தி விசாரிப்பு:

ஐயோ, சம்பந்தியைச் சமையல்கட்டுக்குள் கூட்டிப்போவதா! எங்கள் தொழிலில் நடக்கவே நடக்காது. பிள்ளைவீட்டார் முதல் பந்தியில் தலைவாழை இலையில் உட்கார்ந்து குறை சொல்ல வேண்டியவர்கள். அவர்களுக்குக் காபி ஆறிப்போனாலே பெண்வீட்டார் நடுங்குவார்கள். அவரைக் கோட்டை அடுப்புப் பக்கம் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்றால், விடியற்காலை மூன்று மணிக்கு, யாரும் எழுந்திருக்கும் முன், பாத்திரம் இறக்குகிற பின்வாசல் வழியாகத்தான். பட்டு வேட்டிக்கு மேல் சமையல் துண்டைக் கட்டிக்கொண்டு...

ஆறாவது வரிசை:

அவருடைய மனைவி ஐந்து மணிக்கு எழுந்து தேடுவாரே!

மெய்ப்புக்காரர்:

பட்டு வேட்டியில் சாம்பார்ப் பொடி வாசனை வரும். அதை முகர்ந்து எல்லோரும் கண்டுபிடித்துவிடுவார்கள், மாஸ்டரைத் தவிர.

பழைய டிஸ்கஷன்:

தம்பி, கவனித்தீர்களா? ஒருவர்கூட "யாருடைய கதை" என்று கேட்கவில்லை. எல்லோரும் சீன் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். கதை நின்றுவிட்டது.

வாக்கியத்தை மட்டும் கொஞ்சம் திருகுங்கள். "உதவியை நாடுகிறார்" என்பது விண்ணப்பம் மாதிரி இருக்கிறது. பந்தி விசாரிப்பு சொன்னாரே, சமையல்கட்டுக்குள் கூட்டிவருவது, அந்தக் காரியத்தை எழுதுங்கள். 15 வருடம் பேசாதது வேண்டும், அப்போதுதான் கேட்பது கஷ்டம் என்று தெரியும். மாப்பிள்ளையின் அப்பா என்பதை நடுவில் வைக்காமல் கடைசிக்குக் கொண்டுபோங்கள். தமிழில் கடைசிச் சொல்தான் காதில் தங்கும். இரண்டு வாக்கியமானாலும் பரவாயில்லை, ஒருவரி என்றால் ஒரே முற்றுப்புள்ளி என்று எந்தச் சட்டமும் இல்லை.

சாலிகிராமத்தான்:

"வாசனை தெரியாமல் போனதை ஊருக்கு மறைக்கும் கல்யாணச் சமையல் மாஸ்டர், மகளின் கல்யாண விருந்தைக் காப்பாற்ற, 15 வருடமாகப் பேசாத தன் சீடரை யாருக்கும் தெரியாமல் சமையல்கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். அந்தச் சீடர்தான் மாப்பிள்ளையின் அப்பா."

மெய்ப்புக்காரர்:

ஒரு இடத்திலும் நிற்காமல் படித்தேன். முதல் வாக்கியத்தில் எழுவாய் ஒருவர், வினை அவருடையது. "ஊருக்கு மறைக்கும்" என்பதில் "ஊருக்கு" தேவையில்லை, மறைப்பது என்றாலே அதுதான். மற்றபடி கை வைக்காதீர்கள்.

ஆறாவது வரிசை:

இந்தப் படத்துக்கு நான் முதல் நாள் போவேன்.

கடற்கரை ரயில்:

நானும் பார்ப்பேன். பார்த்துவிட்டு மனதில் பட்டதைச் சொல்வேன்.

வடபழனி சிக்னல்:

எல்லாம் சரி, இவ்வளவு பேர் பார்க்கும் இடத்தில் கதையைப் போட்டுவிட்டீர்களே? நாளைக்கே யாராவது எடுத்துவிட்டால்?

பழைய டிஸ்கஷன்:

நியாயமான பயம். 1978ல் ஆர்.ஜி.ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதி வெளிப்படுத்திய விதத்துக்குத்தான் உண்டு. ஆகவே "வாசனை போன மாஸ்டர்" என்ற அளவில் யாரும் யாரையும் தடுக்க முடியாது. ஆனால் தம்பியிடம் 94 சீன் எழுத்தில் இருக்கிறது. அதை மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிவு செய்துவிடுங்கள். நாக்கை மூக்காக மாற்றிய பிறகு புதுப் பிரதியைப் பதிவு செய்யுங்கள், பழையதை அல்ல. யாருக்கு எந்தத் தேதியில் அனுப்பினீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள்.

சாலிகிராமத்தான்:

அப்படியே செய்கிறேன் சார். மச்சானையும் வாஸ்துவையும் எடுத்துவிட்டேன், 94 சீன் இப்போது 71ல் நிற்கிறது. மூக்குக்காக நிறைய திருத்தி எழுத வேண்டும். ஆனால் லாக்லைனை "ஊருக்கு" இல்லாமல் நேற்று அனுப்பிவிட்டேன், பதில் இன்னும் வரவில்லை.

அனுப்பும் முன் ஒரு காரியம் செய்தேன். அப்பா ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்து அந்த இரண்டு வாக்கியத்தையும் படித்துக் காட்டி, பந்தி விசாரிப்பு அண்ணா சொன்ன பின்வாசல் யோசனையையும் சொன்னேன். கேட்டுவிட்டு என்னைப் பார்க்கவே இல்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோபமோ என்று பயந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "பின்வாசல் வழியா எதுக்குடா கொண்டு வரணும்?" என்றார். "டிகாஷன் இறக்குற இடத்துல நிக்க வைச்சிடு. காபி சரியா இருக்கான்னு சம்பந்தி பாக்க வந்தார்னா ஒருத்தனும் ஒண்ணும் கேக்க மாட்டான். அங்கேயிருந்து சாம்பார் அண்டா நாலே அடி."

அதை இன்று காலை 38வது சீனாக எழுதிவிட்டேன்.